துணைவேந்தர் தண்ணீர் குடித்த வரலாறு

பல்கலைக்கழகச் சமூகத்தின் அங்கத்தினர் அனைவருக்கும், அதாவது பேராசிரியர்களுக்கும், மாணவர்களுக்கும், அலுவலர்களுக்கும், நூலகத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பூனைக்கும், இதன்மூலம் அறிவிக்கப்படுவது என்னவெனில்: வரும் வியாழக்கிழமை முற்பகல், பெரிய அரங்கில், மதிப்பீட்டுக் குழுவினரின் மேலான முன்னிலையில், மாண்புமிகு துணைவேந்தர் அவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்கள்.

பூனையைத் தவிர மற்றதெல்லாம் சுற்றறிக்கையில் அப்படியே இருந்தது. கீழே கையெழுத்து, அதன் கீழே முத்திரை, அதற்கும் கீழே, "அனைவரும் கட்டாயம் வருகை தந்து சிறப்பிக்க வேண்டும்" என்று ஒரு வரி. கட்டாயத்தின் பேரில் சிறப்பிப்பது பல்கலைக்கழகங்களில் மட்டுமே வளர்ந்திருக்கும் ஒரு கலை.

தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல. பெண்கள் விடுதிக்குப் பின்னால் ஒரு குட்டை உண்டு. விடுதிக் குளியலறைகளில் ஓடுவதெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அதன் பச்சை நிறத்தைப் பார்த்த ஓவியத் துறைக்காரர்கள் அப்படி ஒரு பச்சை தங்களிடம் இல்லை என்றார்கள். அந்தக் குட்டைத் தண்ணீரைக் குடிநீராக்க முதுகலை இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஓர் இயந்திரம் செய்திருந்தாள். பெரிய பீப்பாய். உள்ளே கூழாங்கல், மணல், கரி என்று அடுக்குகள். கடைசியில் ஒரு கண்ணாடிக் குழாய்; அதற்குள் கிருமிகளைக் கொல்லும் நீல விளக்கு. இரண்டு வருடமாக அவள் அந்தப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு அழுததால் விடுதியில் அவளுக்கு வடிகட்டி என்றே பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவுக்கு மட்டும் பயன்பட்டது.

மதிப்பீட்டுக் குழு என்பது சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து பல்கலைக்கழகத்துக்கே மதிப்பெண் போட்டுவிட்டுப் போகும் கூட்டம். அவர்கள் இருக்கும் நாள்களில் கழிவறைகளில் தண்ணீர் வரும், பேராசிரியர்கள் வகுப்புக்கு வருவார்கள், மாணவர்களுக்கு இரண்டில் எது பெரிய அதிசயம் என்று தெரியாது. இந்த முறை முதல் தரம் வாங்கியே தீருவது என்று துணைவேந்தர் முடிவு செய்தபோது, அவர் கையில் காட்டுவதற்கு இருந்தது வடிகட்டியின் பீப்பாய் ஒன்றுதான்.

விழா முதலில் வெள்ளிக்கிழமை என்றுதான் இருந்தது. அது ஒரு நாள் முன்னே வந்துவிட்டது. வடிகட்டி புதன்கிழமை மத்தியானம் தன் வழிகாட்டிப் பேராசிரியரின் அறைக்கு ஓடினாள்.

"சார், நாளைக்கு வேணாம் சார். வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னீங்க."

"குழுத் தலைவருக்கு வெள்ளிக்கிழமை வேற பல்கலைக்கழகம் இருக்கும்மா. அங்க யாரு எதைக் குடிக்கப் போறாங்களோ."

"போன வாரம் தட்டுல செவப்புப் புள்ளி வந்துச்சு சார். விளக்கு மங்கிப் போயிருந்துச்சு. புது விளக்கு மாட்டிட்டேன். இப்பதான் புதுசா தட்டு வெச்சிட்டு வரேன். ஒரு நாள் முழுசா போனாத்தான் சொல்ல முடியும்."

"தண்ணி பாக்கறதுக்கு எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு சார். ஆனா கிருமி கண்ணுக்குத் தெரியாதே."

"தெரியாதுல்ல? அப்புறம் என்னம்மா."

இப்படிச் சொன்னவர் நுண்ணுயிரியல் பேராசிரியர் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

தட்டு என்பது உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டு. அதில் கூழ் மாதிரி ஒன்றை உறைய வைத்து, சோதிக்க வேண்டிய தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, கதகதப்பான பெட்டிக்குள் ஒரு நாள் வைப்பார்கள். சாக்கடைக் கிருமி இருந்தால் மறுநாள் செம்புள்ளிகள் முளைத்திருக்கும். பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, சுத்தமான தண்ணீர் விட்ட தட்டு ஒன்றும் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் சுத்தத் தண்ணீர் காய்ச்சும் கருவி போன மதிப்பீட்டுக் குழு திரும்பிப் போன அன்றே நின்றுபோனது. அவள் கைக்காசில் வாங்கி வைத்திருந்த சுத்தத் தண்ணீரும் போன வாரத்தோடு தீர்ந்தது. ஆகவே இந்த முறை ஒப்பிடுவதற்குப் பாட்டில் தண்ணீரை விடச் சொன்னவரும் அதே வழிகாட்டிதான். பாட்டில் தண்ணீரென்றால், பல்கலைக்கழகத்தின் சொந்தத் தயாரிப்பு. நிர்வாகவியல் மாணவர்கள் தொடங்கிய தொழில், போன வருடத்துச் சாதனை. பாட்டிலில் துணைவேந்தரின் சிரித்த முகம் ஒட்டியிருக்கும். விடுதிக்கும் சிற்றுண்டிச் சாலைக்கும் அதுதான் வரும். துணைவேந்தர் மட்டும் அதைக் குடிப்பதில்லை. தன் முகத்தைத் தானே குடிப்பது அடக்கமின்மை என்று நினைத்தாரோ என்னவோ, அவருக்கு வெளியிலிருந்து வேறு தண்ணீர் வந்தது.

"சார், ஒருத்தருக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா யாரு சார் பொறுப்பு?"

"ஒருத்தரா? துணைவேந்தர்ம்மா அவரு. ஏதாவது ஆச்சுன்னா நீயும் இல்ல, உன் பட்டமும் இல்ல. விழா நின்னுபோனாலும் அதேதான். போய் வேலையப் பாரு. நான் ஒரு ஏற்பாடு பண்றேன்."

ஏற்பாடு என்னவென்று வியாழன் காலையில் மேடையில் தெரிந்தது. பீப்பாயை வைத்திருந்த மேசைக்கு வெல்வெட் துணி போர்த்தி, தரைவரை தொங்கவிட்டிருந்தார்கள். வழிகாட்டி துணியைத் தூக்கிக் காட்டினார். கீழே ஒரு கேன். பாட்டில் தண்ணீரைத் தம் கையாலேயே பிரித்துப் பிரித்து ஊற்றி நிரப்பியிருந்தார். கேனிலிருந்து ஒரு குழாய், பீப்பாயிலிருந்து ஒரு குழாய். இரண்டும் சேருமிடத்தில் ஒரு திருகு.

"இடது பக்கம் திருப்புனா உன் மிஷின் தண்ணி. வலது பக்கம் திருப்புனா பாட்டில் தண்ணி. மேல குழாய் ஒண்ணுதான். யாருக்கும் தெரியாது."

"இது ஏமாத்து வேலை சார்."

"பாதுகாப்பு ஏற்பாடும்மா. நான் எதுவும் சொல்லல. நீ எதுவும் கேக்கல." துணியை இழுத்துவிட்டுவிட்டு முதல் வரிசைக்குப் போய், இறுதிச் சடங்குக்கு வந்தவர் மாதிரி கைகட்டி உட்கார்ந்தார்.

அரங்கம் நிரம்பிக்கொண்டிருந்தபோது வடிகட்டியின் அம்மா ஃபோன் செய்தாள். தையற்காரி. பேசும்போதே பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

"மேடையில நிக்கும்போது கூன் போடாத. அந்த நீலச் சட்டைதானே போட்டிருக்கே? தெரு பூரா சொல்லிட்டேன், என் மக துணைவேந்தருக்கே தண்ணி காட்டப் போறான்னு."

"அம்மா, அப்படிச் சொல்லாத."

"ஏன், தப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. வெச்சிடு."

தட்டு வைத்து ஒரு நாள் முடியும் நேரம் விழாவின் நடுவே எங்கோ வரும். அவள் மேடையை விட்டு நகர முடியாது. ஆகவே அறைத்தோழியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தாள். தோழி வரலாற்றுத் துறை. எந்த வகுப்பிலும் எந்த நூற்றாண்டிலும் தூங்கக்கூடியவள் என்பதால் அவளுக்குத் தூக்கம் என்று பெயர்.

"பெட்டியைத் தொறந்தா ரெண்டு தட்டு இருக்கும்டி. குட்டைன்னு எழுதினதைப் பாரு. சுத்தமா இருந்தா அரங்கத்து வாசல்ல வந்து கையைத் தூக்கு. செவப்பு இருந்தா வாயைப் பொத்திக்கோ."

"அவ்வளவுதானே. இதுக்கு எதுக்கு முதுகலை?"

"தூங்கிடாதடி. கால்ல விழறேன்."

சுத்தமென்றால் இடது பக்கம். இரண்டு வருட உழைப்பு எல்லோர் முன்னாலும் நிரூபணமாகும். செவப்பென்றால் வலது பக்கம். ஏமாற்றுக்காரி ஆனாலும் ஒரு மனுஷன் வயிறு தப்பிக்கும். தூக்கம் வராமலே போனால் என்ன செய்வது என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை, யோசிக்கத் துணியவில்லை.

துணைவேந்தர் மைக்கைப் பிடித்தார். தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லை என்ற தம் கண்டுபிடிப்பை முதலில் வெளியிட்டார். பிறகு நதிகளுக்கு வந்தார். நதிகளிலிருந்து நாகரிகத்துக்கு, நாகரிகத்திலிருந்து தமக்கு. தம் இளமையில் எவ்வளவு தூரம் நடந்து போய்ப் படித்தார் என்று சொன்னார்; ஒவ்வொரு விழாவிலும் அந்தத் தூரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகிறது என்பதை மாணவர்கள் கவனித்திருந்தார்கள். பின்வரிசைகளில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு வாயைப் பொத்தியிருந்தார்கள். வடிகட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனை பேர் வாயைப் பொத்துவார்கள் என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

பல்கலைக்கழக வரலாற்றிலேயே முதன்முறையாக, துணைவேந்தர் பேச்சு இன்னும் கொஞ்ச நேரம் நீளாதா என்று ஒரு ஜீவன் உருகி வேண்டிக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பார்த்து அவர் சுருக்கினார்.

"ஆகவே, பேசுவதை விடக் குடிப்பதே சிறந்தது," என்று அவர் முடித்தபோது எழுந்த கைதட்டல் முழுக்க முழுக்க உண்மையானது.

வெள்ளி டம்ளர் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பெரிய திரையில் குட்டையின் படம் வந்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள், படத்துக்கே. வடிகட்டி துணிக்குள் கையை விட்டுத் திருகைப் பிடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.

"என்னம்மா, தண்ணி வருமா, இல்ல நான் குட்டைக்கே போயிடட்டுமா?" என்றார் துணைவேந்தர் மைக்கிலேயே. அரங்கம் சிரித்தது. வழிகாட்டி சிரிக்கவில்லை, வலது கையைத் தொடையில் வைத்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் வலப்பக்கம் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"விளக்கு சூடாகணும் சார். ஒரு நிமிஷம்."

வாசல் கதவு திறந்தது. தூக்கம் மூச்சிரைக்க வந்து நின்றாள். ஒரு கையால் வாயைப் பொத்தினாள். கொட்டாவியா? வடிகட்டி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். தூக்கத்துக்கும் அது புரிந்திருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, பேயறைந்தவள் மாதிரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

வடிகட்டி பீப்பாயை ஒருமுறை பார்த்தாள். திருகை வலது பக்கம் திருப்பினாள்.

துணைவேந்தர் டம்ளரைத் தூக்கிப் பிடித்து, புகைப்படக்காரருக்கு முகம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "இதுவா குட்டைத் தண்ணி? அமிர்தம்," என்றார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். குழுத் தலைவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பல்கலைக்கழகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய புன்னகையோடு, மேடையோரப் பூந்தொட்டிப் பக்கமாக நகர்ந்தார்.

விழா முடிந்ததும் வடிகட்டி நேராக ஆய்வகத்துக்கு நடந்தாள். தூக்கம் கையில் பாட்டிலோடு பின்னாலேயே வந்தாள்.

"மன்னிச்சிடுடி. உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு தெரியும். ஆனா நல்ல வேளை, நான் சுதாரிச்சேன்."

"என்ன சுதாரிச்சே?"

"நீ பதட்டத்துல மூடியை மாத்திப் போட்டுட்டே. பாட்டில்னு எழுதினதுல அம்மை போட்ட மாதிரி ஒரே செவப்பு. குட்டைன்னு எழுதினது பளிச்சுன்னு இருக்கு. ஒரு நிமிஷம் கையைத் தூக்கத்தான் பாத்தேன். அப்புறம் யோசிச்சேன். குட்டைத் தண்ணி எப்படிடி சுத்தமா இருக்கும்? மூடி மாறியிருக்குன்னு புரிஞ்சுது."

வடிகட்டி நடப்பதை நிறுத்தினாள்.

"நான் மூடியில எழுத மாட்டேன்டி."

"எழுதியிருக்கே. மேல இருந்துச்சு, பாத்தேனே."

"தட்டை எப்பவும் கவுத்துத்தான் வைப்போம். நிமித்தி வெச்சா மூடியில வேர்த்து உள்ள சொட்டும். நீ மேல பாத்தது மூடி இல்ல. அடித்தட்டு. மூடி மாறும்னுதான் அடித்தட்டுல எழுதறோம். அது மாறவே மாறாது."

தூக்கம் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு விழித்துக்கொண்டிருந்த தருணம் வேறில்லை.

"அப்ப குட்டைத் தண்ணி?"

"சுத்தம்."

"பாட்டில்?"

வடிகட்டி தூக்கத்தின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். பாதி காலியாகியிருந்தது. துணைவேந்தர் சிரித்துக்கொண்டிருந்தார். தூக்கம் அதை மெதுவாகப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"விடுதியில எல்லாருக்கும் அடிக்கடி வயிறு கெட்டுப்போறது பரீட்சை பயத்தாலன்னுதானேடி டாக்டர் சொன்னாரு?"

"பரீட்சை இல்லாத மாசத்துல?"

"பரீட்சை வருமேங்கிற பயம்னாரு."

மறுநாள் காலை துணைவேந்தர் அலுவலகத்துக்கு வரவில்லை. இருந்த இடத்தை விட்டு அதிக தூரம் போக முடியாத நிலையில் இருக்கிறார் என்று செய்தி பரவியது. மாணவர்களுக்கு விடுதித் தண்ணீர் பழகிப்போயிருந்தது. வெளியிலிருந்து வந்த தண்ணீரில் வளர்ந்த துணைவேந்தரின் வயிறு தாங்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இயந்திரத்தைப் பற்றி நன்கு அறிந்தவர் என்ற தகுதியில் அதற்கு வழிகாட்டியே தலைவர். மற்ற இரண்டு உறுப்பினர்கள் தலையாட்டுவதற்கு.

பீப்பாயை அறையின் மூலையில் குற்றவாளி மாதிரி நிறுத்தியிருந்தார்கள். குட்டைத் தண்ணீர் உள்ளே அப்படியே இருந்தது. மேசை நடுவில் ஃபோன். அதிலிருந்து துணைவேந்தரின் குரல் எதிரொலியோடு வந்தது. எந்த அறையிலிருந்து பேசுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே போகுமுன் வழிகாட்டி அவளைத் தனியே இழுத்தார். "விளக்கு திடீர்னு கெட்டுப்போச்சுன்னு சொல்லு. மாணவி, சின்னப் பொண்ணு, போகட்டும்னு விட்டுடுவாங்க. பாஸ் மார்க் நான் பாத்துக்கறேன்."

"பாட்டிலைப் பத்தி?"

"எந்தப் பாட்டில்?"

இரண்டு பக்கமும் குழி. வாயை மூடினால் இயந்திரம் விஷம் என்று முடிவாகும். விடுதி முழுக்க அந்தப் பாட்டிலையே குடித்துக்கொண்டிருக்கும். வாயைத் திறந்தால் மேடையில் மோசடி செய்தவள் என்ற பெயரோடு, பட்டம் வாங்காமலே வீட்டுக்குப் போகலாம், தெரு பூரா சொல்லி வைத்திருக்கும் அம்மாவிடம்.

"சொல்லும்மா. என்னத்தைக் குடுத்தே எனக்கு?" என்றது ஃபோன்.

வழிகாட்டி இருமினார். வடிகட்டி அவர் பக்கம் பார்க்காமல் ஃபோனைப் பார்த்தே பேசினாள்.

"நீங்க குடிச்சது மிஷின் தண்ணி இல்ல சார். மேசைக்கு அடியில கேன் இருந்துச்சு. அதுல நம்ம பாட்டில் தண்ணி. திருப்பி விட்டது நான்தான். தட்டுல செவப்புன்னு தப்பாத் தகவல் வந்துச்சு, பயந்துட்டேன். அப்புறம் பாத்தா குட்டைத் தண்ணி சுத்தம். பாட்டில்லதான் கிருமி."

ஃபோனில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது.

"என் படம் போட்ட பாட்டிலா?"

"ஆமா சார்."

"குட்டைத் தண்ணி சுத்தம், என் தண்ணி அழுக்கு. இதை நான் நம்பணுமா?"

அவள் மூலைக்குப் போனாள். விளக்கின் வயரைச் சுவரில் செருகினாள். நீலம் மினுக்கி, நின்று எரியும்வரை காத்திருந்தாள். குழாயடியில் டம்ளரைப் பிடித்தாள். "ஏய், ஏய்," என்று வழிகாட்டி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். தட்டில் ஒரு துளி தண்ணீர் சுத்தமாக இருந்தது என்பதும் ஒரு டம்ளர் வயிற்றுக்குள் போவதும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தெரியும். குடித்தாள். இன்னொரு டம்ளர் பிடித்து அதையும் குடித்தாள். தலையாட்ட வந்தவர்கள் தலையாட்டவும் மறந்திருந்தார்கள்.

"நாளைக்கு இதே நேரம் வந்து நிக்கறேன் சார். அப்ப நம்புங்க."

அன்று முழுக்க அறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் தூக்கம் திடுக்கிட்டு எழுந்தாள்.

"பசிடி அது."

"நிஜமா?"

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

"என்னாலதான்டி எல்லாம். நான் பாட்டுக்குத் தூங்கியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

மறுநாள் வடிகட்டி விசாரணைக் குழுவின் முன் கூன் போடாமல் போய் நின்றாள். முகம் தெளிவாக இருந்தது. துணைவேந்தரும் வந்திருந்தார், கொஞ்சம் இளைத்து. அவள் வயிற்றைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மதிப்பீட்டுக் குழுத் தலைவருக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காரு சார். அவரு குடிக்கவே இல்ல. பூந்தொட்டியில ஊத்திட்டாரு."

துணைவேந்தர் அன்றைக்குத்தான் முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டார்.

விசாரணை அறிக்கை, துணைவேந்தரின் உடல்நலக் குறைவுக்கு ஓய்வில்லாத உழைப்பே காரணம் என்றது. பல்கலைக்கழகத்துக்கு முதல் தரம் கிடைத்தது. அதன் சொந்தக் குடிநீர்த் தயாரிப்பை மதிப்பீட்டுக் குழு தனியே பாராட்டியிருந்தது. வடிகட்டிக்குப் பட்டமும், ஆண்டின் சிறந்த மாணவக் கண்டுபிடிப்பாளர் விருதும் வழங்கப்பட்டன. பீப்பாயைக் கழுவித் துடைத்து, வயரை வெட்டி, துணைவேந்தர் அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

விடுதிக்கு இன்றைக்கும் பாட்டில் தண்ணீர்தான் வருகிறது.